நடனத்துக்கு அழைக்கப்பட்ட 42 குலங்கள்

1960களில் தொடங்கி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், மேற்கு ஜெர்மனியில் ரொட்டி வாங்கியவர்கள், ரயில் டிக்கெட் எடுத்தவர்கள் எல்லோருடைய பணப்பையிலும் ஒரு பெண்ணின் முகம் மடிந்து கிடந்தது. 20 மார்க் நோட்டில் அச்சாகியிருந்த அந்த முகம் எல்ஸ்பெத் டூஹருடையது. நியூரம்பர்க் நகரின் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1499-ல் வரைந்த படம் அது. எல்ஸ்பெத் அரசி இல்லை, புனிதையும் இல்லை. போரிலோ புலமையிலோ பெயர் பெற்றவரும் இல்லை. ஒரு வணிகரின் மனைவி. மூல ஓவியத்தில் விரல்களுக்கிடையே ஒரு தங்க மோதிரத்தைப் பிடித்திருக்கிறார். சட்டையின் கொக்கியில் என், டி என்னும் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. கணவர் நிக்லாஸ் டூஹரின் பெயரெழுத்துகள் அவை. அவருடைய ஊரில் அந்த இரண்டாவது எழுத்துக்கு மிகுந்த மதிப்பு இருந்தது. டூஹர் வீட்டில் பிறந்தவர் நகரத்தை ஆளலாம், டூஹர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் நகர மண்டபத்தில் நடனமாடலாம்.

அந்த நடனம் வெறும் கேளிக்கை என்று எண்ணிவிடக் கூடாது. 1521-ல் நியூரம்பர்க் நகரமன்றம் ஒரு பட்டியலை எழுதி வைத்தது. நகர மண்டபத்து நடனத்துக்கு எந்தெந்தக் குடும்பங்களை அழைக்கலாம் என்பதே அதன் பொருள். பழங்குலங்கள் 20, புதுக்குலங்கள் 7, பிற்காலத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவை 15, ஆக 42. வரலாற்றில் அதற்கு 'நடனச் சட்டம்' என்றே பெயர். அந்த மண்டபத்தில்தான் பெண் பார்த்தார்கள், சம்பந்தம் பேசினார்கள், அடுத்த தலைமுறையில் யார் யாருக்கு மாமன், யார் யாருக்கு மைத்துனன் என்பதை முடிவு செய்தார்கள். நடனத்துக்கு அழைப்பு வராத வீட்டுக்கு மன்றத்தில் இருக்கையும் வராது. கையில் எவ்வளவு பொன் இருந்தாலும் இதுதான் நிலை.

அந்த மண்டபத்தின் அடிநிலத்தில் நகரின் சிறை இருந்தது. ஜன்னலில்லாத சிற்றறைகள், அவற்றோடு ஒரு சித்திரவதைக் கூடம். இன்றும் அவற்றை இறங்கிப் பார்க்கலாம். மேலே நடனம், கீழே சிறை, இரண்டையும் ஆண்டவர்கள் ஒரே குலத்தார்.

இப்படிப்பட்ட குடும்பங்களை வரலாற்று நூல்கள் பண்டைய ரோமச் சொல்லால் 'பாட்ரீசியர்' என்கின்றன. நியூரம்பர்க்காரர்கள் வழங்கிய சொல் 'கெஷ்லெக்டர்', அதாவது குலங்கள். தமிழில் பெருங்குடிகள் என்றால் பொருந்தும். ஐரோப்பாவின் இடைக்கால நகரங்கள் பலவற்றிலும் இத்தகைய பெருங்குடிகள் இருந்தார்கள். ஆனால் தங்கள் உரிமையைப் பல நூற்றாண்டுகள் சிதறாமல் காத்ததில் நியூரம்பர்க்கின் குலங்களுக்கு இணையானவை மிகச் சிலவே.

ஊரின் தொடக்கம் எளியது. நியூரம்பர்க்கின் பெயர் எழுத்தில் முதன்முதலாக வருவது 1050-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில். சிகேனா என்ற அடிமைப் பெண்ணைப் பேரரசர் மூன்றாம் ஹென்றி விடுதலை செய்த பத்திரம் அது. தன் முதல் சான்றே ஒரு பெண்ணின் விடுதலைப் பத்திரமாக அமைந்த நகரங்கள் அரிது. 1219-ல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் இந்த ஊருக்குப் பெரிய உரிமைச் சாசனம் வழங்கினார். இங்கே திராட்சைத் தோட்டம் இல்லை, கப்பல் ஓடும் ஆறு இல்லை, மண்ணோ கெட்டி மண் என்று அந்தச் சாசனமே காரணம் சொல்கிறது. உண்மைதான். ஊரின் குறுக்கே ஓடும் பெக்னிட்ஸ் ஆறு மாவு ஆலைச் சக்கரத்தைச் சுழற்றும், சரக்குப் படகைச் சுமக்காது. மண் கைவிட்ட ஊர் வணிகத்தைப் பிடித்துக்கொண்டது. 1332-ல் பேரரசர் லுட்விக் சுமார் 70 நகரங்களில் நியூரம்பர்க் வணிகர்களுக்குச் சுங்க விலக்கு அளித்தார். வெனிஸிலிருந்து வந்த மிளகும் பட்டும் இவர்கள் வண்டிகளில் வடக்கே போயின. இவ்வூர்க் கொல்லர்கள் செய்த கத்தியும் கவசமும் ஊசியும் எல்லாத் திசைகளுக்கும் போயின.

பெருங்குடிகள் இரண்டு வேர்களிலிருந்து முளைத்தார்கள். சிலர் கோட்டையில் பேரரசருக்கு ஊழியம் செய்தவர்களின் வழியினர், சிலர் வணிகத்தில் எழுந்தவர்கள். அவர்கள் பெயர்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். டூஹர் என்ற சொல்லில் துணிக்காரர் இருக்கிறார். ஹோல்ட்ஷூஹர் என்றால் மரச்செருப்பு செய்பவர், அந்தக் குடும்பத்தின் சின்னமே ஒரு மரச்செருப்பு. 1304 முதல் 1307 வரை ஹோல்ட்ஷூஹர்கள் எழுதிய கடைக்கணக்குப் புத்தகம் ஜெர்மன் வணிகர்களின் மிகப் பழைய கணக்கேடுகளில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு துணி கொடுத்தோம், யார் இன்னும் பாக்கி என்பதே அதன் செய்தி. கைத்தொழிலின் பெயரைச் சுமந்த குடும்பங்களே பின்னாளில் கைத்தொழிலாளர்களை ஆட்சியிலிருந்து ஒதுக்கி வைத்தன.

ஒதுக்கியதற்குக் காரணமான ஆண்டு 1348. லக்ஸம்பர்க் வம்சத்துச் சார்லஸுக்கும் விட்டெல்ஸ்பாக் வம்சத்துக்கும் அரியணைப் போட்டி நடந்த காலம். அந்த ஆண்டு ஜூன் மாதம் நியூரம்பர்க்கில் கிளர்ச்சி வெடித்தது. பழைய மன்றத்தார் ஓடினார்கள், புதிய மன்றம் அமர்ந்தது. இது கைவினைஞர் கிளர்ச்சி என்றே நினைவில் நின்றுவிட்டது. உண்மையில் புதிய மன்றத்தில் பழைய வணிகக் குடும்பத்தார் சிலரும் இருந்தார்கள். ஓராண்டுக்கும் சற்றுக் கூடுதலாக அது நீடித்தது. 1349 இலையுதிர் காலத்தில் சார்லஸின் கை ஓங்கியதும் பழையவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவுடன் தொழிற்சங்கங்களுக்குத் தடை போட்டார்கள். அதன் பிறகு நியூரம்பர்க்கில் எந்தத் தொழிலாளரும் தங்கள் சங்கத்தை அமைத்துத் தாங்களே விதி செய்துகொள்ள முடியவில்லை. பயிற்சிக் காலம் எத்தனை ஆண்டு, எந்தப் பொருள் எந்தத் தரம், யார் பட்டறை திறக்கலாம் என்ற எல்லாவற்றையும் மன்றமே விதித்தது. ஆக்ஸ்பர்க்கில் 1368-லும் கொலோனில் 1396-லும் தொழிற்சங்கங்கள் நகராட்சியைக் கைப்பற்றியபோது நியூரம்பர்க் அசையவில்லை.

அதே 1349-ல் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் இந்தக் குடும்பங்களின் கதையைச் சொல்வது நேர்மையாகாது. ஊரின் நடுவே யூதர்களின் குடியிருப்பு இருந்தது. மன்றத்தின் சார்பில் உல்ரிக் ஸ்ட்ரோமர் மன்னர் சார்லஸிடம் சென்று ஒரு பத்திரம் பெற்றார். யூதர் வீடுகளை இடித்து இரண்டு சந்தைத் திடல்கள் அமைக்கலாம், தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் மாதாவுக்கு ஓர் ஆலயம் கட்டலாம் என்று அந்தப் பத்திரம் அனுமதித்தது. அதன் தேதி 16 நவம்பர் 1349. அப்போது அந்த வீடுகளில் மக்கள் உயிரோடு இருந்தார்கள். டிசம்பர் 5-ஆம் நாள் அவர்களில் 562 பேர் கொல்லப்பட்டார்கள். கட்டுக்கடங்காத கும்பலின் வெறியாட்டம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மூன்று வாரம் முன்பே இடத்துக்குப் பத்திரம் எழுதி வைத்துவிட்டு நடந்த கொலை இது. அந்தப் பத்திரத்தின்படியே திடலும் உருவானது, 1350களில் மாதா ஆலயமும் எழுந்தது. ஐரோப்பாவின் அழகான சந்தைத் திடல்களில் ஒன்று இப்படித்தான் பிறந்தது.

ஆட்சியின் அமைப்பை அறிய ஒரு நல்ல சாட்சி கிடைத்திருக்கிறது. நகரின் சட்ட ஆலோசகர் கிறிஸ்டோஃப் ஷோய்ர்ல், 1516-ல் தம் நண்பரான துறவி ஸ்டௌபிட்ஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நியூரம்பர்க் எப்படி ஆளப்படுகிறது என்பதை அதில் படிப்படியாக விளக்கினார். உள்மன்றத்தில் 42 பேர். 1521 பட்டியலின் 42 குலங்களுக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை, தற்செயலான ஒற்றுமை. 42-ல் 34 இடங்கள் பெருங்குடிகளுக்கு. எஞ்சிய 8 இடங்கள் கைவினைஞர்களுக்கு: இறைச்சிக்காரர், ரொட்டிக்காரர், தோல் பதனிடுபவர், கொல்லர், தையல்காரர், மென்மயிர்த் தோல் தைப்பவர், துணி நெய்பவர், பியர் காய்ச்சுபவர் என்று தொழிலுக்கு ஒருவர். அவர்கள் உட்காரலாம், முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்குக் குரல் கிடையாது.

34 பேரில் 26 பேர் பர்கர்மாஸ்டர்கள், அதாவது நகரத் தலைவர்கள். மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராக, நான்கு வாரத்துக்கு ஒரு ஜோடி பொறுப்பேற்கும். பதின்மூன்று ஜோடி, ஐம்பத்திரண்டு வாரம், ஓர் ஆண்டு. அவர்களுக்கு மேலே 'மூத்தவர்கள்' எழுவர். எழுவருக்குள் மூவர் தலைமைத் தளபதிகள். மூவருக்குள் இருவர் 'லோசுங்கர்' என்ற கருவூலப் பொறுப்பாளர்கள். இந்த இருவருள் முதல்வரே நகரின் உண்மையான தலைவர். கருவூலத்தில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கடன் என்பது மிகச் சிலருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். 'லோசுங்' என்ற வரியை ஒவ்வொரு குடிமகனும் சத்தியம் செய்து, தன் சொத்தைத் தானே மதிப்பிட்டுக் கட்டினான். பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு கட்டினான் என்று தெரியாது.

ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டித் தேர்தல் உண்டு. தேர்ந்தெடுப்பவர்கள் ஐந்தே பேர். பெரும்பாலும் பழைய ஆட்களே மறுபடி வருவார்கள், ஒருவர் இறந்தால்தான் இடம் காலியாகும். வெளிமன்றம் என்று இருநூறுக்கும் மேற்பட்டோர் கொண்ட பெரிய அவை ஒன்றும் இருந்தது. புதிய வரி, போர் போன்ற பெரிய காரியங்களுக்கு அதைக் கூட்டுவார்கள். பொற்கொல்லரின் மகனான ட்யூரருக்கு 1509-ல் அந்த அவையில் இடம் கிடைத்தது. உள்மன்றத்தின் கதவு ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற அவருக்கும் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் சொந்த ஊரார் தந்த வேலை 500 குல்டனுக்குக்கூட வராது என்று 1524-ல் அவரே மன்றத்துக்கு எழுதினார். புகாராக மட்டும் எழுதவில்லை. சேமித்த 1,000 குல்டனை நகரக் கருவூலத்தில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 50 குல்டன் வட்டி தரவேண்டும் என்ற விண்ணப்பத்தோடு எழுதினார். மன்றம் ஏற்றுக்கொண்டது.

படித்தவர்களிடமும் இந்த மன்றம் எச்சரிக்கையாகவே இருந்தது. சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் யாரும் உள்மன்றத்தில் உட்கார முடியாது. ஆலோசனை சொல்லலாம், வாக்களிக்க முடியாது. ஷோய்ர்லின் தாய் டூஹர் குலத்துப் பெண். ஆனாலும் அவர் பட்டம் பெற்ற சட்டப் புலவர் என்பதால் வெளியே நின்றார். ட்யூரரின் உயிர் நண்பர் வில்லிபால்ட் பிர்க்ஹைமர், இத்தாலியில் பாதுவாவிலும் பாவியாவிலும் ஏழு ஆண்டுகள் படித்தும் பட்டம் வாங்காமலே ஊர் திரும்பினார். வாங்கியிருந்தால் மன்றத்துக்குள் நுழைய முடிந்திராது. சட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள் அவையை வளைத்துவிடுவார்கள் என்ற வணிகரின் அச்சம் இதில் தெரிகிறது.

தங்களவர் தவறினால் இந்த மன்றம் விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிக்கோலாஸ் முஃபெல் முதல் லோசுங்கர், நகரின் முதல் மனிதர், பேரரசர்களோடு பழகியவர். புனிதர்களின் எலும்பு, துணி முதலிய திருப்பண்டங்களைத் திரட்டுவதில் அவருக்குத் தீராத ஆவல். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று வேண்டும் என்று தேடி 308 வரை சேர்த்தார். கருவூலத்தில் கை வைத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு, 1469 பிப்ரவரியில், சாதாரணத் திருடனைப் போலத் தூக்கிலிடப்பட்டார். 1514-ல் அன்டன் டெட்ஸெல் என்ற இன்னொரு முதல் லோசுங்கர் சிறைக்குப் போனார். மன்ற ரகசியத்தை வெளியே சொன்னார் என்பது குற்றம். அவர் உயிரோடு வெளியே வரவில்லை. சிற்பி ஃபைட் ஸ்டோஸ் கடன் பத்திரம் ஒன்றைப் போலியாகத் தயாரித்ததற்காக 1503-ல் இரண்டு கன்னங்களிலும் சூடு போடப்பட்டார். ரகசியமும் கடன் பத்திரத்தின் மெய்ம்மையும் கெட்டால் வணிக நகரம் நிற்காது என்று அவர்கள் நம்பினார்கள். நம்பிக்கைத் துரோகத்துக்கு நியூரம்பர்க்கில் மன்னிப்பு அரிது.

உரிமையோடு உழைப்பும் இருந்தது. பீட்டர் ஸ்ட்ரோமர் 1368-ல் ஊருக்கு வெளியே வெட்டி வெறுமையான காட்டில் ஊசியிலை மர விதைகளைத் தூவி வளர்த்தார். மனிதர் விதைத்து வளர்த்த காட்டுக்கு ஐரோப்பாவில் அதுவே முன்னோடி. அவருடைய குலத்தைச் சேர்ந்த உல்மன் ஸ்ட்ரோமர், 1390-ல் பெக்னிட்ஸ் கரையில் இருந்த மாவு ஆலையைக் காகித ஆலையாக மாற்றினார். ஜெர்மன் நாட்டில் அறியப்பட்ட முதல் காகித ஆலை அது. வேலை தெரிந்தவர்களை இத்தாலியிலிருந்து வரவழைத்தார். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே வேறு யாருக்கும் காகிதம் செய்ய மாட்டோம் என்று அவர்களிடம் சத்தியம் வாங்கினார். அவர்களோ ஆலையைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். மூன்றாவது நீர்ச்சக்கரம் பூட்டுவதைத் தடுத்தார்கள். உல்மன் அவர்களைப் பிடித்துக் கோபுர அறையில் சில நாள் அடைத்து வைத்தார். மறுபடி சத்தியம் செய்த பிறகே வெளியே விட்டார். இத்தனையையும் தம் குடும்பக் குறிப்பேட்டில் அவரே எழுதியிருக்கிறார். நூறாண்டு கழித்து, 1493-ல் நியூரம்பர்க்கில் அச்சான ஹார்ட்மன் ஷெடலின் உலக வரலாற்று நூலில் நகரக் காட்சி ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் அந்தக் காகித ஆலையையும் வரைந்திருக்கிறார்கள்.

எண்ட்ரெஸ் டூஹர் நகரின் கட்டடப் பொறுப்பாளராக இருந்தவர். 1464-லிருந்து 1475 வரை தம் வேலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எந்தக் கிணறு எங்கே, எந்தப் பாலத்தை எப்போது பழுது பார்ப்பது, கொத்தனாருக்கு என்ன கூலி, தீப்பிடித்தால் வாளிகள் எங்கிருந்து வரும் என்பவையே அதில் நிறைந்திருக்கின்றன. இடைக்கால நகரம் ஒன்று அன்றாடம் எப்படி இயங்கியது என்பதை அறிய இதைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது கடினம். குலப்பெருமை பேசும் நூல்கள் எத்தனையோ எழுதப்பட்டன. அவற்றைவிட இந்தக் கிணற்றுக் கணக்குக்கே மதிப்பு அதிகம்.

அறச்சாலைகளும் இவர்கள் கையில்தான் எழுந்தன. பேரரசர் லுட்விக்குக்கே கடன் கொடுத்த கோன்ராட் குரோஸ், 1339-ல் பெக்னிட்ஸ் ஓரத்தில் தூய ஆவி மருத்துவமனையை நிறுவினார். பேரரசின் மணிமுடியும் செங்கோலும் 1424-ல் நியூரம்பர்க்கின் பொறுப்பில் வந்தபோது அவை வைக்கப்பட்டது அங்கேதான். இன்றும் அங்கே முதியோர் வாழ்கிறார்கள். 1388-ல் கோன்ராட் மெண்டல் வேலை செய்ய முடியாமல் முதுமையடைந்த கைவினைஞர் பன்னிருவருக்கு ஓர் இல்லம் அமைத்தார். ஒருவர் இறந்தால் இன்னொருவர் வருவார். 1420களில் தொடங்கி, அங்கே வாழ்ந்த ஒவ்வொருவரையும் ஓர் ஏட்டில் படம் வரைந்து வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒவ்வொருவரும் தம் தொழிலைச் செய்யும் கோலத்தில் இருக்கிறார்: கம்பி இழுப்பவர், தச்சர், செருப்பு தைப்பவர், மணிமாலை கோப்பவர். கருவிகளும் மேசையும் உட்காரும் விதமும் அப்படியே பதிவாகியிருக்கின்றன. மன்றத்தில் குரல் இல்லாத மனிதர்களின் முகங்கள் பெருங்குடி ஒருவரின் தர்மத்தால் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நியூரம்பர்க் விட்டுச் சென்றவற்றில் ட்யூரரின் ஓவியங்களுக்கு அடுத்தபடி போற்றத்தக்கது இந்த ஏடுதான்.

சாவிலும் குலம் பேசியது. புனித செபால்ட், புனித லோரென்ஸ் ஆலயங்களின் சுவர்களில் இறந்தவரின் சின்னம் பொறித்த வட்ட மரப்பலகைகளைத் தொங்கவிட்டார்கள். ஒருவருடையதைவிட மற்றவருடையது பெரிதாகப் போட்டி வளர்ந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்றம் அவற்றின் அளவுக்கே வரம்பு விதித்தது. ஹான்ஸ் இம்ஹோஃப் என்ற வணிகர் 1493-ல் சிற்பி ஆடம் கிராஃப்டிடம் லோரென்ஸ் ஆலயத்துக்கு நற்கருணைப் பேழை ஒன்று செய்யச் சொன்னார். சுமார் 20 மீட்டர் உயரத்துக்குக் கல் கொடிபோல வளைந்து கூரையைத் தொடுகிறது. அதன் அடியில் முழந்தாளிட்டுப் பாரத்தைத் தோளில் சுமக்கும் உருவம் சிற்பியின் சொந்த உருவம். அதே ஆலயத்தில் வானதூதர் மரியாவுக்கு மங்களம் சொல்லும் பெரிய மரச்சிற்பம் தொங்குகிறது. அன்டன் டூஹர் செய்வித்தது, செய்தவர் கன்னத்தில் சூடு வாங்கிய அதே ஃபைட் ஸ்டோஸ். 1525-ல் நகரம் லூதரின் வழிக்கு மாறியது. பல ஊர்களில் சிற்பங்களை உடைத்தெறிந்தார்கள். நியூரம்பர்க்கில் உடைக்கவில்லை. ஒவ்வொன்றும் மன்றத்தில் அமர்ந்திருப்பவரின் பாட்டனார் கொடுத்தது, எப்படி உடைப்பது? டூஹரின் சிற்பத்துக்குச் சாக்குப் போர்த்தினார்கள், அவ்வளவுதான்.

மதமாற்றத்தின்போது மிகத் துணிவோடு நின்றவர் இந்தக் குலங்களின் பெண் ஒருவரே. பிர்க்ஹைமரின் சகோதரி காரித்தாஸ், புனித கிளாரா மடத்தின் தலைவி, லத்தீன் அறிந்தவர். மடத்தை மூடச் சொன்ன மன்றத்துக்கு அவர் அடிபணியவில்லை. 1525 ஜூனில் எப்னர், டெட்ஸெல், நியுட்ஸெல் குலத்துத் தாய்மார்கள் மடத்துக்கு வந்து, வர மறுத்து அழுத தங்கள் மகள்களை இழுத்துச் சென்றார்கள். நடந்ததையெல்லாம் காரித்தாஸ் எழுதி வைத்தார். புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, இருப்பவர்கள் தங்கள் காலம் முடியும்வரை வாழலாம் என்று முடிவாயிற்று. அந்த மடத்தின் கடைசித் துறவி 1596-ல் இறந்தார். பெருங்குடிப் பெண்ணுக்கு நடன மண்டபம் திறந்திருந்தது. தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு இருக்கவில்லை.

இனி, அந்த நடனத்துக்கே திரும்புவோம். 1348 கிளர்ச்சியில் இறைச்சிக்காரர்கள் பழைய மன்றத்தின் பக்கம் நின்றதாகவும், அதற்குப் பரிசாகத் திருவிழாக் காலத்தில் தெருவில் நடனமாடும் உரிமையைப் பெற்றதாகவும் ஊரில் சொல்வார்கள். நாளடைவில் பெருங்குடி இளைஞர்கள் அந்த உரிமையையும் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். முகமூடியும் பகட்டு உடையும் அணிந்து 1449 முதல் 1539 வரை அவர்கள் நடத்திய 'ஷெம்பார்ட்' ஓட்டம் பெரும் புகழ் பெற்றது. 1539-ல் போதகர் ஒசியாண்டரைக் கேலி செய்து காட்சி வைத்ததால் மன்றம் அதை நிறுத்திவிட்டது. 

1521 பட்டியலுக்குப் பிறகு கதவு ஏறக்குறைய மூடியே கிடந்தது. 1536-ல் ஷ்லியுஸெல்ஃபெல்டர் என்ற ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அதற்குப் பின் 18-ஆம் நூற்றாண்டு வரை வேறு யாரும் இல்லை. நகரின் சரிவுக்கு இதுவே முதன்மையான காரணங்களில் ஒன்று. அதற்கு முன்னால் அவர்கள் கண்கள் தொலைதூரம் பார்த்தவை. இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பூமிக்கோளத்தை 1492-ல் நியூரம்பர்க்கில் செய்வித்தவர் மார்ட்டின் பெஹைம், பெருங்குடியினர். 1505-ல் அல்மெய்டாவின் தலைமையில் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பல்களில் மூன்றுக்கு முதல் போட்ட ஜெர்மன் வணிகர்களில் நியூரம்பர்க்கின் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பங்களும் உண்டு. மிளகுக்குத்தான். பின்னர் பெருங்குடிகள் மெல்ல மெல்லக் கடையை மூடினார்கள். கிராமங்களையும் மாளிகைகளையும் வாங்கி, ஊர்ப்புறப் பிரபுக்களைப் போல வாழத் தொடங்கினார்கள். வணிகம் புதியவர்கள் கைக்குப் போனது. அந்தப் புதியவர்கள் வரி கட்டினார்கள், மன்றத்தில் இடம் பெறவில்லை. முப்பதாண்டுப் போரின் செலவு கடனாகக் குவிந்தது.

அந்த இம்ஹோஃப் குலத்தின் கிளைகள் நம் பக்கமும் வந்திருக்கின்றன. 1736 முதல் 1740 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த குஸ்தாஃப் வில்லெம் வான் இம்ஹோஃப் அந்தக் குலவழியினர். அவர் காலத்தில், 1737-ல், கொழும்பில் சிங்கள எழுத்தில் முதல் அச்சுநூல் வெளிவந்தது. கார்ல் வான் இம்ஹோஃப் என்ற இன்னொருவர் 1769-ல் 'டியூக் ஆஃப் கிராஃப்டன்' கப்பலில் மனைவி மரியனோடு சென்னப்பட்டணத்தில் இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் முகங்களைச் சிறு ஓவியமாக வரைந்து பிழைப்பதே அவர் எண்ணம். அதே கப்பலில் வந்த கம்பெனி அதிகாரி வாரன் ஹேஸ்டிங்ஸ் மரியனை விரும்பினார், விவாகரத்துக்குப் பின் 1777-ல் மணந்தும் கொண்டார். ட்யூரரைப் போன்றவர்களிடம் தங்கள் முகத்தை வரையச் சொன்ன ஒரு வகுப்பின் பிள்ளை, அயலாரின் முகத்தைக் காசுக்கு வரையக் கடல் கடந்து வந்திருக்கிறார்.

1806 செப்டம்பரில் பவேரிய அரசு நியூரம்பர்க்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1349-க்குப் பின் சுமார் நான்கரை நூற்றாண்டுகள் கிளர்ச்சி எதற்கும் அசையாமல் நின்ற மன்றம் ஓர் ஆணையில் கலைந்தது. நடனமாடிய மண்டபம் 1945 ஜனவரிக் குண்டுவீச்சில் எரிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. டூஹர் பெயர் இப்போது பியர் பாட்டில்களில் இருக்கிறது.

1349-க்குப் பின் யூதர்கள் திரும்ப வந்து குடியேறினார்கள். 1498-ல் பேரரசர் மாக்ஸிமிலியனின் ஒப்புதலோடு மன்றம் அவர்களை மறுபடியும் வெளியேற்ற முடிவு செய்தது. அதன்பின் நியூரம்பர்க்கில் ஒரு யூதருக்குக் குடியுரிமை கிடைத்தது 1850-ல், பெருங்குடிகளின் ஆட்சி முடிந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து. உல்ரிக் ஸ்ட்ரோமரின் பத்திரத்தால் உருவான திடலில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சந்தை கூடுகிறது. உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். டிசம்பர் 5 ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சந்தை நாட்களுக்குள்தான் வருகிறது. திடலின் கிழக்கே நிற்கும் மாதா ஆலயத்துக்குள் போய், பீடத்தை ஒட்டிய தரையைக் குனிந்து பார்த்தால், முன்பு அங்கே நின்ற தொழுகைக்கூடத்தின் நினைவாகப் பதித்த தாவீதின் நட்சத்திரம் தெரியும்.